நடந்து சென்றவர்

1969ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14ஆம் நாள், சனிக்கிழமை. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் தொடங்கவிருக்கிறது. மறுநாள் அந்நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தல். ஆகவே மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் வழக்கத்தை மாற்றி, அவ்வாண்டு பிற்பகல் இரண்டு மணிக்கே பந்தயத்தைத் தொடங்கினர். சாலையின் ஒரு பக்கம் 45 கார்கள் சாய்வாக வரிசையிட்டு நிற்கின்றன. மறுபக்கம் அவற்றின் ஓட்டுநர்கள். கொடி அசைந்தவுடன் அவர்கள் சாலையின் குறுக்கே ஓடி, கதவைத் திறந்து, உள்ளே பாய்ந்து, எஞ்சினை இயக்கிப் புறப்பட வேண்டும். 1925 முதல் அங்கே நிலவிவந்த முறை இது. கொடி அசைந்தது. எல்லாரும் ஓடினர். ஒருவர் மட்டும் நடந்தார்.

அவர் பெயர் ஜாக்கி இக்ஸ், பெல்ஜியம் நாட்டவர், வயது 24. கடைத்தெருவுக்குப் போகிறவரைப் போல் அவர் சாலையைக் கடந்துகொண்டிருக்கையில், முந்திக்கொண்டு புறப்பட்ட கார் ஒன்று அவரை இடித்துவிடும்போல் விரைந்தது. அதையும் தப்பித் தம் காரில் ஏறினார். இருக்கைப் பட்டைகளை நிதானமாகப் பூட்டினார். பிறகே எஞ்சினை இயக்கினார். அதற்குள் மற்றக் கார்கள் அனைத்தும் போயிருந்தன. வரிசையில் கடைசி ஆளாக இக்ஸ் புறப்பட்டார்.

அப்போது நான் பிறக்கவில்லை. ஆயினும் பழைய பந்தயக் கார்களைப் பற்றிய நூல்களில் எனக்குக் குருமட நாள்களிலேயே ஒரு மோகம் பற்றிக்கொண்டது. ஒரு பங்குத்தந்தைக்கு இது எதற்கு என்று கேட்போருக்குச் சொல்ல என்னிடம் நல்ல விடை ஏதும் இல்லை. ஆனால் அறநெறி இறையியல் வகுப்பில் எனக்கு முழுமையாக விளங்காமற்போன ஒரு பாடம், இந்தக் கார்களைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது என்று சொல்ல முடியும். கட்டுப்பாடு என்பது எங்கே இருக்கிறது, அது எப்போது நிகழ்கிறது என்பதே அப்பாடம்.

முதலில் இக்ஸ் ஏன் நடந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓடிப்போய் ஏறுகிறவருக்குப் பட்டைகளைப் பூட்ட நேரமிராது. பூட்டாமலே புறப்பட்டு, நேரான சாலை வந்ததும், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும் கார்களுக்கு நடுவே, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பட்டையைத் துழாவ வேண்டும். முந்திய ஆண்டு, 1968இல், வில்லி மெரெஸ் என்ற பெல்ஜிய ஓட்டுநரின் கார்க் கதவு சரியாக மூடப்படாமல் முதற்சுற்றிலேயே திறந்துகொள்ள, அவர் படுகாயமுற்றார். அவருடைய பந்தய வாழ்வு அத்துடன் முடிந்தது. விதியை எதிர்த்துப் பேசுவதற்கு மாறாக, அவ்விதியின் அபத்தத்தை எல்லார் கண்ணெதிரேயும் நடந்து காட்டினார் இக்ஸ். 24 மணி நேரம் ஓடப்போகும் பந்தயத்தில் முதல் சில விநாடிகளை மிச்சப்படுத்த உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் விதி! போர்ஷே கார்களில் சாவித் துளை ஸ்டியரிங்கின் இடப்பக்கம் அமைந்ததற்கு, இடக்கையால் சாவியைத் திருப்பும்போதே வலக்கையால் கியரைப் போட்டு அரை விநாடி முந்தலாம் என்ற அந்தக் காலத்துக் கணக்கே காரணம் என்று சொல்வதுண்டு. அவசரம்கூட மரபாகிவிடுகிறது.

அதே நாளில், அதே முதற்சுற்றில் நடந்ததை எழுதுவது கடினம். ஜான் வுல்ஃப் என்ற ஆங்கிலேயர் சொந்தமாக ஒரு போர்ஷே 917 காரை வாங்கியிருந்தார். தொழில்முறை ஓட்டுநர் அல்லர், ஆர்வத்தால் ஓட்டியவர். முதற்சுற்று முடியும் தறுவாயில், வெள்ளை வீடு என்று பொருள்படும் மேசோன் பிளாஞ்சு வளைவுகளில் அவருடைய கார் கட்டுப்பாட்டை இழந்தது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். பட்டையைப் பூட்டாமலே அவர் புறப்பட்டிருந்தார் என்று அவ்விபத்தைப் பற்றிய பதிவுகள் கூறுகின்றன. அவருடைய காரிலிருந்து பெயர்ந்து எரிந்துகொண்டிருந்த எரிபொருள் தொட்டி, பின்னால் வந்த கிறிஸ் ஏமனின் ஃபெராரிக்கு அடியில் சிக்கியது. ஏமன் உயிர் தப்பினார். அவருடைய பந்தயம் அங்கேயே முடிந்தது.

நடந்தவர் பிழைத்தார், ஓடியவர் மாண்டார் என்று இக்கதையை இத்துடன் முடித்துவிடலாம். மறையுரைக்கு ஏற்ற கதை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் முடித்திருப்பேன். இப்போது முடியவில்லை, அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், பெருவேகத்தில் ஒரு காரைக் கட்டுப்படுத்துவது என்றால் என்ன என்று பார்ப்போம்.

ஓட்டத் தெரியாதவர்கள், ஏன், ஓட்டத் தெரிந்தவர்களில் பலரும், கட்டுப்பாடு கையில் இருப்பதாக எண்ணுகிறார்கள். ஸ்டியரிங்கை இறுகப் பற்றுகிறவன் காரைக் கட்டுப்படுத்துகிறான் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் கார் மண்ணோடு கொண்டுள்ள உறவெல்லாம் நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறு இடங்கள்தாம். சாதாரணக் காரில் அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கையளவு. பந்தயக் காரில் சற்று அகலம். பிரேக் போடுவதானாலும், திரும்புவதானாலும், வேகமெடுப்பதானாலும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிமானத்திலிருந்துதான் செலவழித்தாக வேண்டும். எல்லாச் செலவுக்கும் பணப்பை ஒன்றே. வளைவில் திரும்புவதற்கே பை முழுவதையும் செலவிட்டுவிட்டவன், அங்கே பிரேக்கை மிதித்தால் கொடுக்க ஒன்றுமில்லை, டயர் நழுவும். வேகம் இரட்டிப்பானால் நிறுத்துவதற்குத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 320 கிலோமீட்டர் என்பது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 89 மீட்டர். ஆபத்தைக் கண்டு மூளை அதை ஆபத்தென்று உணர்ந்து காலுக்குச் சொல்லி முடிப்பதற்குள் கார் பெரியதொரு கோயிலின் முகப்பிலிருந்து பீடம் வரையுள்ள தூரத்தைக் கடந்துவிடும்.

1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட போர்ஷே 911 இதைவிட நுட்பமான பாடம் ஒன்றைக் கற்பித்தது. அதில் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வேகமாக ஒரு வளைவுக்குள் நுழைந்த பிறகு, 'ஐயோ, வேகம் கூடிவிட்டதே' என்று அஞ்சி ஆக்சிலேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால் என்ன ஆகும்? காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின் டயர்களின் மேலிருந்த அழுத்தம் குறைகிறது. அவை பிடியை இழக்கின்றன. பின்னால் தொங்கும் எஞ்சின் கவண்கல்லைப் போல் காரையே சுழற்றிவிடுகிறது. சாதாரண வேகத்தில் நம்மைக் காப்பாற்றும் அச்சமே, வளைவின் நடுவில் நம்மைக் கவிழ்க்கிறது. அச்சம் தவறன்று, அது வந்து சேர்ந்த நேரம் தவறு. ஆகவே, வளைவுக்கு முன்பே, சாலை நேராக இருக்கும்போதே, அச்சப்பட வேண்டிய அளவு அச்சப்பட்டு வேகத்தைக் குறைத்துவிடு, பின்னர் அமைதியாக உள்ளே போ என்று அந்தக் காரை அறிந்தவர்கள் சொல்வார்கள். போர்ஷே நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 1969ஆம் ஆண்டு மாதிரியில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டி அந்தக் குணத்தைச் சற்றே தணித்தது. 57 மில்லிமீட்டர் என்பது மூன்று விரற்கடை.

வுல்ஃப் வாங்கிய 917 இதனினும் கொடியது. பன்னிரண்டு சிலிண்டர், நான்கரை லிட்டர் எஞ்சின். 500க்கும் மேற்பட்ட குதிரைத்திறன். எடையோ ஏறத்தாழ 800 கிலோ. எடையைக் குறைக்கக் கியர்த் தண்டின் குமிழைக்கூட லேசான மரத்தில் செய்திருந்தார்கள். சட்டமோ அலுமினியக் குழாய்களால் ஆனது. அதற்குள் வாயுவை அழுத்தி அடைத்திருந்தார்கள். எங்கேனும் கீறல் விழுந்தால் வாயு கசிந்து அழுத்தம் குறையும். கண்ணுக்குத் தெரியாத முறிவை அது காட்டிக்கொடுக்கும். மனச்சான்றுக்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அந்தக் காரின் நோய் சட்டத்தில் இல்லை. பெருவேகத்தில் அது நேர்ச்சாலையிலேயே நிலைகொள்ளாமல் அலைந்தது. தொழிற்சாலையின் சொந்த ஓட்டுநர்களே அதை ஓட்டத் தயங்கினர். அந்த லெ மான் பந்தயத்தில் நெடுநேரம் முன்னிலையில் ஓடிய 917இன் ஓட்டுநர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆட்வுட், கார் பழுதாகி நின்றபோது தமக்கு ஆறுதலாகவே இருந்தது என்று பிற்காலத்தில் கூறியிருக்கிறார். முன்னிலையில் ஓடியவர் சொல்லும் சொல் அது!

நோய் என்னவென்று அவ்வாண்டு அக்டோபரில் ஆஸ்திரியாவில் நடந்த சோதனை ஓட்டத்தில் தெரியவந்தது. கண்டுபிடித்தவர் ஜான் ஹார்ஸ்மன் என்ற பொறியாளர். இக்ஸ் ஓட்டிய ஃபோர்டு ஜிடி 40 காரை நடத்திய அதே ஜான் வயர் குழுவைச் சேர்ந்தவர். ஓடி நின்ற காரின் முன்பகுதியெங்கும் கொசு போன்ற சிறு பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன. வால்பகுதியில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் காற்று வாலைத் தொடாமலே மேலே போய்விடுகிறது. வாலைத் தரையோடு அழுத்த அங்கே ஒன்றுமில்லை. அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி ஒட்டி வாலை உயர்த்தினார்கள். கார் அடங்கியது. எத்தனை வல்ல கரங்கள் ஸ்டியரிங்கைப் பற்றியும் அடங்காத கார், நின்றுகொண்டிருக்கும்போது ஒருவர் குனிந்து பார்த்ததால் அடங்கியது.

இங்கேதான் எனக்கு அந்தப் பழைய பாடம் விளங்கியது. நான்கு தலையாய நற்பண்புகளில் முதலாவதை ஞானோபதேசத்தில் விவேகம் என்று படித்தோம். முன்மதி என்றும் இன்று எழுதுகிறோம். திருச்சபையின் மரபு அதனை நற்பண்புகளின் தேர்ப்பாகன் என்று அழைக்கிறது. துணிவும் தன்னடக்கமும் நீதியும் குதிரைகள் என்றால், அவற்றை வழிநடத்துவது விவேகம். தொலைவில் வருவதைப் பார்ப்பவனே விவேகி என்று அச்சொல்லுக்குப் பழைய ஆசிரியர் ஒருவர் கூறிய விளக்கத்தைப் புனித தாமஸ் அக்குவினாஸ் எடுத்துக்காட்டுகிறார். தேர்ப்பாகனின் தொழில் கடிவாளத்தை இழுப்பது என்று நான் மாணவனாக எண்ணியிருந்தேன். அவனுடைய முதல் தொழில் பார்ப்பது. நம் சங்க இலக்கியத்திலும் தேரின் வேகத்தைப் பாடிய புலவர்கள் பலர். ஆனால் அகநானூற்றின் நான்காம் பாட்டில், பூவில் தேனுண்ணும் வண்டுகள் மிரளக்கூடாதே என்று மணியின் நாவைக் கட்டிவிட்டுத் தேரில் வரும் தலைவன் ஒருவன் இருக்கிறான். புறப்படும் முன்பே நாவைக் கட்டியிருக்க வேண்டும் அல்லவா?

கலைத்திறனையும் விவேகத்தையும் அக்குவினாஸ் பிரித்துக் காட்டும் இடம் ஒன்று உண்டு. கலையில், தெரிந்தே தவறு செய்பவன் தெரியாமல் தவறு செய்பவனைவிட மேலானவன்; அவனுக்குத் திறமையாவது இருக்கிறது. விவேகத்தில் அது நேர்மாறு. பெருவேகத்தில் காரைச் செலுத்துவது பெரும் கலை. அதை மறுப்பவர் அதைப் பாராதவர். ஆனால் அக்கலை யாருடைய உயிரைப் பணயம் வைத்து நடக்கிறது என்ற கேள்விக்குக் கலையால் விடை சொல்ல முடியாது. இதே லெ மானில் 1955இல் மெர்சிடிஸ் கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பறந்து விழுந்ததில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1957இல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் ஃபெராரி ஒன்றின் டயர் வெடித்து, சாலையோரம் நின்ற ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். ஃபெராரியின் ஓட்டுநர்கள் அடுத்தடுத்து மடிந்த நிலையில், 1958இல் வத்திக்கான் நாளேடான லொசர்வாத்தோரே ரொமானோ, என்ஸோ ஃபெராரியைத் தன் பிள்ளைகளையே விழுங்கிய சனி தேவனுக்கு ஒப்பிட்டது. கடுமையான சொல்தான். எனினும் குழந்தைகளின் சவப்பெட்டிகளைப் பார்த்தவர்கள் அதைக் கடுமை என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

மறையுரைக்கு ஏற்ற முடிவை ஏன் விட்டுவிட்டேன் என்பதற்கு இப்போது வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பங்கில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தான். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அடக்கத் திருப்பலியில் நான் அதையே பேசினேன். இளைஞர்கள் நிறைந்திருந்த கோயில். சொல்ல வேண்டிய நேரம் இதுவே என்று எண்ணினேன். முன்வரிசையில் அவனுடைய தாய் அமர்ந்திருந்தார். நான் பேசப்பேச அவருடைய தலை தாழ்ந்துகொண்டே போனதைப் பார்த்தேன், பார்த்தும் பேசினேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, அவனுடைய தோழர்களின் வண்டிகள் மதிலோரம் வரிசையாக நின்றன. முப்பது வண்டிகள் இருக்கலாம். தலைக்கவசங்கள் இரண்டோ மூன்றோதான். அவர்கள் அனைவரும் இறந்தவன் செய்ததையே செய்துகொண்டிருந்தார்கள். இறந்தவனை மட்டும் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டேன். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி நம் ஆண்டவர் கேட்ட கேள்வியை எத்தனை முறை வாசித்திருப்பேன்!

வுல்ஃபும் அப்படித்தான். அன்று ஓடியவர்கள் எல்லாரும் முந்திவிட வேண்டுமென்றே ஓடினர். பட்டையைப் பூட்டாமற் புறப்பட்டவர் அவர் ஒருவராக மட்டும் இருந்திருக்க முடியாது. அப்படிப் புறப்படுவதையே அந்த விதி பல்லாண்டுகளாகப் பழக்கியிருந்தது. விதியை வகுத்தவர்களுக்கும், ஓட்டத்தைக் கண்டு கைதட்டியவர்களுக்கும் அதில் பங்கில்லையா? பழியெல்லாம் இறந்தவர் மேல் விழுந்தது, அவர் இறந்துவிட்டார் என்பதனால்.

இதன் மறுபக்கமும் உண்டு. அந்தப் பந்தயத்தில் வென்றவர் யார் தெரியுமா? இக்ஸ்தான். ஜாக்கி ஆலிவருடன் மாறிமாறி ஓட்டி, கடைசி மணிநேரங்களில் ஹான்ஸ் ஹெர்மனின் போர்ஷே 908உடன் முந்துவதும் பிந்துவதுமாகப் போராடி, 24 மணி நேரத்தின் முடிவில் ஏறத்தாழ 120 மீட்டர் இடைவெளியில் வென்றார். கதையைச் சொல்பவர்கள், நடந்தாலும் வெல்லலாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கோ இந்த 120 மீட்டர் வேறொன்றைச் சொல்கிறது. பந்தயக் காரின் வேகத்தில் 120 மீட்டர் என்பது சில விநாடிகளே. அப்படியானால், தொடக்கத்தில் நடந்து இழந்த விநாடிகள் அற்பமானவை அல்ல. அவற்றால் அவர் தோற்றிருக்கவும் கூடும். ஹெர்மன் அந்தச் சில விநாடிகள் முந்தியிருந்தால், நடந்தவர் மூடர் என்று உலகம் சிரித்திருக்கும். இக்ஸின் நடை அப்போது தவறாகியிருக்குமா? அவர் வென்றதால் அது சரியானதாக ஆகவில்லை. கடைசிப் பட்டையைப் பூட்டிய கணத்திலேயே, கார் ஓரங்குலமும் நகராதபோதே, அது முழுமையாகச் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை பந்தயத்தின் கணக்கைச் சேர்ந்தவை.

அதனால்தான் இந்தக் கதையின் தொடர்ச்சியைச் சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கம். மிகவும் பொருத்தமாக அமைந்துவிட்டதால் நம்மை ஏமாற்றக்கூடியது அது. திங்கட்கிழமை காலை இக்ஸ் தம் போர்ஷே 911 காரில் பாரிசுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஷார்த்ரு நகருக்கு அருகே வேறொரு கார் அவருக்கு முன்னே குறுக்கிட்டது. அவருடைய கார் சாலையோரக் கம்பத்தில் மோதி நசுங்கியது. இக்ஸ் பட்டையைக் கழற்றிவிட்டுக் காயமின்றி இறங்கி வந்தார். நல்லவேளை என்று நாமும் மூச்சுவிடுகிறோம். ஆனால் பட்டை பூட்டியும் இறந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன்.

ஓடி ஏறும் முறை அவ்வாண்டோடு முடிந்தது. 1970 ஜூனில் ஓட்டுநர்கள் பட்டை பூட்டியபடி கார்களுக்குள் அமர்ந்திருக்க, கொடி அசைந்தது. அந்த ஆண்டு மழை பிடித்துக்கொண்டது. வென்றது வால் உயர்த்திய ஒரு 917. அதை ஓட்டியவர்கள் இருவர். ஒருவர், முந்திய ஆண்டு அக்காரைக் கண்டு அஞ்சிய ஆட்வுட். மற்றவர், 120 மீட்டரில் தோற்ற அதே ஹெர்மன். அப்போது அவருக்கு வயது 42. வென்றால் பந்தயத்தை விட்டுவிடுவதாகத் தம் மனைவிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். விட்டுவிட்டார்.